கப்ளருக்குத் தள்ளுபடி இல்லை

இரண்டாயிரத்துப் பதிமூன்றாம் வருஷம், புரட்டாசி மாதத்து விடியற்காலை ஒன்றில், தேங்காய்ச் சட்னி பாதி அரைபட்டுக்கொண்டிருந்தபோது தனபாக்கியத்தின் மிக்சி உறுமியதே தவிரச் சுற்றவில்லை. அவள் அதைத் தட்டிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், கடைசியில் புருஷனை எழுப்பினாள். பெரியண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜாரைத் தூக்கிப் பார்த்தான். ஜாரின் அடிப்பாகம் வந்து உட்காருகிற கறுப்பு ரப்பர்ச் சக்கரம், அதாவது கப்ளர், பல்லெல்லாம் கொட்டி மழுங்கிப்போய் இருந்தது.

கப்ளர் என்பது முப்பது ரூபாய்ச் சாமான். ஆனால் அது இல்லாவிட்டால் சட்னி இல்லை; சட்னி இல்லாத இட்லியைத் தின்னும் அளவுக்கு நெய்வேலியில் யாரும் ஞானியாகிவிடவில்லை. சுரங்க பஸ் நிற்கிற திருப்பத்தில் தினமும் முந்நூறு இட்லி விற்றுத்தான் தனபாக்கியம் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். பெரியண்ணன் பதினேழு வருஷமாக நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். பெல்ட்டிலிருந்து சிந்துகிற நிலக்கரியை வாரி மறுபடியும் பெல்ட்டில் போடுகிற வேலை. பர்மனென்ட் ஆகும், ஆகும் என்று பதினேழு தீபாவளியாக ஒரு பேச்சு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது. இந்த ஊரில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையின் ஜாதகத்தைக் கேட்பதற்கு முன் பர்மனென்டா என்றுதான் கேட்பார்கள்.

ஷிப்டு முடிந்து வந்தவன், மிக்சியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வடலூர் ரோட்டில் ரிப்பேர்க் கடை வைத்திருந்த பீர் முகமதுவிடம் போனான். பீர் முகமது கப்ளரைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சுழலரசி கம்பெனியா? இவன் பல்லு வேற மாதிரிங்க. வெளியில வாங்குறது எதுவும் சேராது. ஆனையை நம்ம கிட்ட வித்துட்டு அங்குசத்தை அவனே வெச்சிகினு இருக்கான். மெயின் பஜார் ஷோரூம்ல போயிக் கேளுங்க."

மெயின் பஜார் சுழலரசி ஷோரூம் வாசலில் 'ஆடி அதிரடித் தள்ளுபடி' என்று பேனர் தொங்கியது. ஆடியின் மேல் ஆவணி என்று காகிதம் ஒட்டி, அதன் மேல் புரட்டாசி என்று இன்னொரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். அந்தக் கம்பெனிக்கு இரண்டு வருஷமாக விற்பனை படுத்துவிட்டது. காரணம் கண்டுபிடிக்கச் சென்னைத் தலைமையகம் ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தி எட்டு மாதம் ஆராய்ந்தது. வீட்டில் மிக்சி வைத்திருப்பவர்கள் மிக்சி வாங்குவதில்லை என்பது ஆய்வின் முடிவு. அந்த முடிவை எதிர்த்துத்தான் இத்தனை பேனர்.

பெரியண்ணன் உள்ளே காலை வைத்ததும் நான்கு விற்பனையாளர்கள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒருத்தி பன்னீர் தெளித்தாள். ஒருவன் கல்கண்டு நீட்டினான். மேனேஜர் மதிவாணன் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். மூன்று நாளாக யாரும் வராத கடை.

"சொல்லுங்க சார். மிக்சியா, கிரைண்டரா, ரெண்டும் சேர்ந்த காம்போவா?"

"கப்ளர் ஒண்ணு குடுங்க."

மதிவாணனின் கை தளர்ந்தது. "கப்ளருக்கு ஆஃபர் இல்லைங்களே."

"ஆஃபர் வேணாங்க. கப்ளர் போதும்."

"அதில்லைங்க. தள்ளுபடி இல்லாம எதையும் பில் போடக் கூடாதுன்னு தலைமையகம் சர்க்குலர் அனுப்பியிருக்கு. கப்ளருக்குத் தள்ளுபடி அறிவிக்கலை. அதனால கப்ளரை விக்க முடியாது."

பெரியண்ணன் சட்டைப் பையில் கை விட்டான். "அப்ப முழு வெலையும் குடுத்துடறேன்."

விற்பனையாளர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கல்யாண வீட்டில் யாரோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. மதிவாணன் குரலைத் தாழ்த்தி, "முழு விலை வாங்கினா எனக்கு மெமோ வரும் சார்" என்றான்.

"சரி, ரெண்டு ரூபா கொறைச்சதா நீங்களே போட்டுக்குங்க. நான் முப்பதும் குடுத்துடறேன்."

"அந்த அதிகாரம் மண்டலத்துக்குத்தான் இருக்கு. மிக்சி ஒண்ணு வாங்கிடுங்களேன்? கூட ஒரு குடை ஃப்ரீ. குடை வேணாம்னா தோசைக்கல்லு. தோசைக்கல்லும் வேணாம்னா ஊட்டி போற குலுக்கல் சீட்டு."

"கப்ளர் ஃப்ரீயா வருமா?"

"அது மிக்சியிலயே இருக்கே சார்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, இந்தப் பேச்சுவார்த்தையை மதிவாணன் மண்டலத்துக்கு எழுதிக் கேட்கப்போய், மண்டலமே கிளம்பி நெய்வேலிக்கு வந்துவிட்டது. மண்டல மேலாளர் பெயர் மணிமொழி. முப்பத்தைந்து வயது, கையில் லேப்டாப், வாயில் ஓயாத உற்சாகம். டவுன்ஷிப்பை இரண்டு நாள் காரில் சுற்றி, பார்த்தவர்களிடமெல்லாம் "உங்க மனசுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். ஒருவர்கூட மிக்சி என்று சொல்லவில்லை. பிளாக்குக்குப் பிளாக், கேட்டுக்குக் கேட் ஒரே பதில்தான் வந்தது: பர்மனென்ட்.

ஞாயிற்றுக்கிழமை ஷோரூமில் கூட்டம் போட்டாள். கப்ளர் கேட்ட பெரியண்ணனுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"நாங்க மிக்சி விக்கிற கம்பெனி இல்லை" என்று ஆரம்பித்தாள். அதை விற்பனைக் கணக்கு ஏற்கெனவே நிரூபித்திருந்தது. "நாங்க உறவை விக்கறோம். இந்த ஊர் மக்களோட ஏக்கம் எங்களுக்குப் புரியுது. அந்த ஏக்கத்தை எப்படி எங்க கம்பெனிக்குப் பயன்படுத்திக்கலாம்னு ராத்திரி பகலா யோசிச்சோம். இன்னிலேருந்து எங்க வாடிக்கையாளர்கள் ரெண்டு வகை. ஒப்பந்த வாடிக்கையாளர், நிரந்தர வாடிக்கையாளர். உதிரி பாகம் வாங்குற உரிமை நிரந்தரத்துக்கு மட்டும்தான்."

நிரந்தரம் ஆக என்ன செய்ய வேண்டும் என்று மதிவாணன், அவனுக்கு எழுதிக் கொடுத்தபடி, கேட்டான்.

"வேலையில நிரந்தரமாக்கப் பொதுவா இருநூத்தி நாப்பது நாள் சர்வீஸ் கேட்பாங்க. நாங்க தொண்ணூறு சதவீதம் தள்ளுபடி தர்றோம். இருபத்திநாலே நாள்! தினம் நாலு மணி நேரம் ஷோரூமுக்கு வந்து பொருட்களைப் பார்க்கணும். கூட்டம் இருக்கிற கடைக்குத்தான் கூட்டம் வரும். இப்ப இங்க கூட்டம் இல்லை. அதனால நீங்களே கூட்டமா இருங்க."

பெரியண்ணன் முட்டாள் இல்லை. இது சுரங்கத்துப் பர்மனென்ட் அல்ல என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவள் மாதிரிக்கு ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அதில் படமும் முத்திரையும், 'நிரந்தரம்' என்று தங்க எழுத்தும் இருந்தன. அதை எட்டிப் பார்த்து ஒரு முறை வாய்விட்டுப் படித்தான். கப்ளருக்காகத்தானே, இருபத்திநாலு நாள்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெயரைக் கொடுத்தான்.

மறுநாள் மூன்று மணிக்கு வேலைக்கு வந்தவன் முதலில் கேட்ட கேள்வி, "மஸ்டர் எங்கங்க?"

"என்ன மஸ்டர்?" என்றான் மதிவாணன்.

"கையெழுத்துங்க. வந்தேன்னு நாளைக்கு எவன் சாட்சி சொல்லுவான்? பதினேழு வருஷத்துல ஆறு கான்ட்ராக்டர் மாறிட்டாங்க. ஒவ்வொருத்தன் வரும்போதும் நான் மொத நாளுதான்."

மதிவாணன் ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டான். பெரியண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பணியில் இறங்கினான். சர்க்குலர்படி ஒப்பந்த வாடிக்கையாளரின் கடமைகள் மூன்று: பொருளை உற்றுப் பார்த்தல், விலை கேட்டல், விலையின் குறைவை எண்ணி வியத்தல். மணிக்கு நான்கு தடவை வியக்க வேண்டும். முதல் நாள் அவனுக்கு வியப்பு சரியாக வரவில்லை. மூன்றாம் நாள் கை தேர்ந்துவிட்டான். 'அடேயப்பா' என்று அவன் சொன்னால் எதிர்ச் சாரியில் வளையல் வாங்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சேதி கான்ட்ராக்ட் ஆட்களிடையே தீயாகப் பரவியது. எங்கேயோ யாரையோ இருபத்திநாலு நாளில் பர்மனென்ட் ஆக்குகிறார்களாம் என்றால், எதில், எதற்கு என்று நின்று விசாரிக்கிற ஊர் இது இல்லை. முதல் வாரம் பன்னிரண்டு பேர். இரண்டாம் வாரம் நாற்பத்து மூன்று. மதிவாணன் திணறிப்போனான். வந்தவர்களே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள். காலை ஷிப்டு, மாலை ஷிப்டு என்று பிரித்தார்கள். நடுவில் கால் மணி நேரம் டீ. அடுத்த ஷிப்டு ஆள் வந்து பொறுப்பேற்காமல் யாரும் இடத்தை விட்டு நகர்வதில்லை.

"மூணாம் நம்பர் மிக்சியை வியந்து முடிச்சாச்சு. நாலாவது பாதியில இருக்குது. நீ வந்து பாத்துக்க" என்று சொல்லி, நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

பிறகு சீனியாரிட்டித் தகராறு வந்தது. திங்கட்கிழமை சேர்ந்தவனும் செவ்வாய்க்கிழமை சேர்ந்தவனும் ஒன்றா? தகராறு வந்தால் சங்கம் வரும். ராமசாமி என்கிற வெல்டர் தலைவரானார். பத்தாம் நாள் ஷோரூம் வாசலில் கேட் மீட்டிங் நடந்தது. ஃபேனுக்குக் கீழே நின்று வியக்கும் உரிமை, ஞாயிற்றுக்கிழமை வியந்தால் இரட்டை நாள் என்று ஐந்து கோரிக்கைகள். 'வாங்க விடு! வாங்க விடு! நிரந்தரமாக்கி வாங்க விடு!' என்று கோஷம் பஜார் கடைசி வரை கேட்டது. தன் ஐந்து வருஷ அனுபவத்தில் மதிவாணன் முதல் தடவையாகப் போலீசைக் கூப்பிடலாமா என்று யோசித்தான். மணிமொழியோ கோஷத்தைக் கைப்பேசியில் பதிவுசெய்து தலைமையகத்துக்கு அனுப்பினாள். 'மக்கள் போராடி வாங்கத் துடிக்கும் மிக்சி' என்று அடுத்த வாரமே புதுப் பேனர் வந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் உண்மையாகவே மிக்சி வாங்க ஒரு தம்பதி வந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை கஸ்தூரியம்மாளும் அவர் வீட்டுக்காரரும். மகளின் தலைத்தீபாவளிச் சீருக்காக, கையில் பணத்தோடு வந்திருந்தார்கள். வாசலில் நின்ற சங்கத்துத் தொண்டர் அவர்களை மறித்தார்.

"டிக்கெட் நம்பர் என்னம்மா? மஸ்டர்ல பேரு இருக்குதா?"

"நாங்க மிக்சி வாங்க வந்திருக்கோம்பா."

"அதெல்லாம் சரிதாம்மா. ஷிப்டு நடந்துகினு இருக்குது. வெளியாளுங்களை உள்ள விடக் கூடாது. நாளைக்கு இவங்கதான் எங்களுக்கு முன்னாடி பர்மனென்ட்டுனு லிஸ்டு வந்துதுன்னா யாரு பதில் சொல்றது?"

மதிவாணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வருவதற்குள் அவர்கள் பண்ருட்டி பஸ் ஏறிவிட்டார்கள். ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்ற அவன் கண் கலங்கியது. அன்றைய அறிக்கையில் 'வருகையாளர்: 45' என்று மட்டும் எழுதினான். தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது.

வீட்டில் பாராட்ட ஆளில்லை. தனபாக்கியம் பக்கத்து வீட்டு அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். முந்நூறு இட்லிக்கு அம்மியில் அரைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். உள்ளங்கை கொப்புளித்து உடைந்து, உப்பும் மிளகாயும் பட்டு எரிந்தது. அரைக்க முடிந்த அளவுக்குத்தான் இட்லி ஊற்ற முடிந்தது. முந்நூறு நூற்றைம்பதாகி, நூறாகியது. இதற்குள் எதிர்த் திருப்பத்தில் ஒரு தள்ளுவண்டி வந்து மூன்று வகைச் சட்னியோடு நின்றது. சுரங்கத்துக் காலை ஷிப்டு ஆட்கள் அந்தப் பக்கம் சாய ஆரம்பித்தார்கள். வியாபாரம் தீபாவளி வரை தாங்கினால் அதிசயம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கப்ளர் வாங்கியான்னு அனுப்புனா கடைக்கே காவக்காரன் ஆயிட்டே. அங்க இன்னாதான்யா பண்றே?"

"வியக்குறேன்."

"இங்க வந்து என் கையப் பாத்து வியயேன்."

அவன் கையைப் பார்த்தான். பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. "இன்னும் எட்டே நாளு, பாக்கியம். கப்ளரும் வந்துரும், கார்டும் வந்துரும்."

"கார்டை வெச்சி சட்னி அரைக்கப் போறியா?" என்றாள். ஆனாலும் மறுநாள் மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட்டான்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஷோரூம் வாசலில் பந்தல் போட்டு 'நிரந்தரத் திருவிழா' நடத்தினார்கள். மேடையில் மாலை போட்ட மேஜை, அதன் மேல் புத்தம் புது சுழலரசி மிக்சி. எப்போது கைதட்ட வேண்டும் என்று காட்ட ஒரு பெண் அட்டையுடன் ஓரத்தில் நின்றாள். மணிமொழி மைக்கைப் பிடித்தாள்.

"இந்த மாசம் நம்ம ஷோரூமுக்கு வந்தவங்க எண்ணிக்கை போன மாசத்தைவிட நாலாயிரம் சதவீதம் அதிகம்! விற்பனை எவ்வளவுன்னு சிலர் கேட்பாங்க. ஒண்ணும் இல்லை. அதைப் பத்தி நாங்க கவலைப்படலை. விற்பனைங்கறது வரும், போகும். எங்க சம்பள உயர்வு வருகையை வெச்சுத்தான்."

அட்டை உயர்ந்தது; கைதட்டினார்கள்.

முதல் நிரந்தர வாடிக்கையாளராகப் பெரியண்ணனை மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கழுத்தில் நாடாவோடு அட்டையை மாட்டினார்கள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கீழே நாற்பத்திரண்டு பேர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய்யாகவே இருந்தாலும் அந்த நிமிஷம் அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

"நம்ம நிரந்தர வாடிக்கையாளருக்கு முதல்ல என்ன வேணும்? மைக்ல சொல்லுங்க!"

"கப்ளர் வேணுங்க."

மணிமொழி சிரித்தாள். மைக்கை வாங்கிக்கொண்டாள். "ரொம்ப நல்ல கேள்வி. கப்ளரைத் தனியா விக்கிறதை நம்ம கம்பெனி நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. ஏன்? முப்பது ரூபாய்க்குக் கப்ளர் கிடைச்சா, மூவாயிரத்து ஐநூறு ரூபா குடுத்து மிக்சி யாருங்க வாங்குவாங்க? பழசு ஓடினா புதுசு விக்காது. கெட்டுப்போன மிக்சி கெட்டுப்போனதாகவே இருக்கணும். இதுதான் எங்க தொலைநோக்கு!"

அட்டை உயர்ந்தது. யாரும் தட்டவில்லை.

பெரியண்ணனுக்குச் சுரீரென்றது. இருபத்திநாலு நாளும் இல்லாத ஒன்றுக்காக நின்றிருக்கிறான். தனபாக்கியத்தின் உள்ளங்கை நினைவுக்கு வந்தது. கோபம் மணிமொழி மீதா, தன் மீதா என்று பிரித்துப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. மேஜைக்குப் போனான். மாலையை நகர்த்தி வைத்தான். மிக்சியின் ஜாரைத் தூக்கிக் கீழே வைத்தான். உள்ளே பல் முழுசாக, பளபளவென்று கப்ளர் உட்கார்ந்திருந்தது.

"மதிவாணன் சார், ஒரு ஸ்க்ரூ டிரைவர் குடுங்க."

மணிமொழியின் முகம் மாறியது. மைக் இன்னும் கையில் இருந்ததால் அவள் பேசியது ஊருக்கே கேட்டது. "மிஸ்டர் பெரியண்ணன், நீங்க இப்ப நிரந்தரம். அதைத் தொட்டீங்கன்னா மறுபடியும் ஒப்பந்தத்துக்கு இறக்கிடுவோம்!"

"பதினேழு வருஷமா அதுலதாங்க இருக்கேன்" என்றான் பெரியண்ணன். "எனக்கு அது பழகிப்போச்சு."

கீழே யாரோ விசிலடித்தார்கள். மதிவாணன் மேடையேறி வந்து ஸ்க்ரூ டிரைவரை நீட்டினான். தடுப்பது போலக் குனிந்து, காதோரம் சொன்னான். "அடியில விட்டுத் தண்டைப் பிடிச்சுக்குங்கண்ணே. கப்ளரை வலப்பக்கமாத் திருப்புங்க. இடப்பக்கம் திருப்பினா இறுகிடும்."

பெரியண்ணன் அவனை நிமிர்ந்து பார்த்தான்.

"நானும் கான்ட்ராக்டுதாண்ணே" என்றான் மதிவாணன். "அஞ்சு வருஷமா."

வலப்பக்கம் இரண்டு திருப்பு. கப்ளர் கையோடு வந்தது. பெரியண்ணன் சட்டைப் பையிலிருந்து மூன்று பத்து ரூபாய் நோட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தான். சாயங்காலக் காற்றில் அவை பறக்கப் பார்த்தன. கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அவற்றின் மேல் பாரமாக வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

நெய்வேலி ஷோரூமில் தள்ளுபடி ஏதுமின்றி ஒரு பொருள் விற்றிருப்பதாக அன்றைய அறிக்கை சென்னைக்குப் போனது. இரண்டு மாதத்தில் நடந்த முதல் விற்பனை அதுதான். இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று ஆராய ஒரு குழு அமைத்திருப்பதாகக் கேள்வி.

வீட்டில் பெரியண்ணன் கப்ளரைத் திருகி மாட்டினான். தனபாக்கியம் ஜாரை வைத்து ஸ்விட்சைப் போட்டாள். வீடு அதிர மிக்சி சுற்றியது. அவள் அணைத்துவிட்டு, அவன் மேடையில் நடந்ததைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இருவத்திநாலு நாளு அங்கதான நின்னுகினு இருந்தே. சுத்தி முப்பது மிக்சி. அதுல ஒண்ணுலருந்து கழட்டி, காசை வெச்சிட்டு வரணும்னு ஒரு நாளுகூடத் தோணலியா?"

பெரியண்ணன் தரையைப் பார்த்தான்.

"தோணுச்சு" என்றான். "மூணாவது நாளே தோணுச்சு. கழட்டிட்டா பர்மனென்ட் ஆக்க மாட்டாங்களேன்னு விட்டுட்டேன்."

இந்த ஒரு மாதமாக அவன் எதைச் சொன்னாலும் அதற்கு மேல் ஒரு சொல் வைத்திருந்தவள் தனபாக்கியம். இதைக் கேட்டதும் கொப்புளம் ஆறாத கையால் ஜாரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள்.

"கடை மூடறதுக்குள்ள போயி தேங்கா நாலு வாங்கியா" என்றாள். "காலையில முந்நூறு ஊத்திப் பாப்போம்."